கண் ஓரிடம், கை ஓரிடம்

கணினியிற் சித்திரம் வரையப் புகுவோர் முதல் நாளிலேயே மனமுடைந்து போவதுண்டு. நாமும் அவ்வாறே போனோம். கை மேசைமீதுள்ள பலகையில் ஊர்கின்றது. கோடோ எதிரே திரையில் எழுகின்றது. இரண்டும் இணங்காமையால், நாம் வரைந்த தேங்காய் பலாப்பழம் போலக் காட்சியளித்தது. வீட்டார் நகைத்தனர். ஆயினும் நாள்தோறும் அரைமணி நேரம் நேர்கோடும் வட்டமும் வரைந்துவர, மூன்றாம் வாரமளவிற் கை வழிக்கு வந்தது.

விலையுயர்ந்த கருவி வேண்டுமோ என மாணவர் வினவுவர். திரையில்லாத சிறு பலகையே போதும். பேனாவை அழுத்தினாற் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். கிரிட்டா என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. அதில் அடுக்குகளை முதலிற் பழகுதல் நன்று. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேலொன்றாக வைத்தாற் போன்ற அமைப்பு அது. அடியில் மாதிரிக்கோடு, அதன்மேல் வர்ணம், உச்சியிற் செம்மையான கோடு. ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடாது. வயதும் தடையன்று. ஆங்கில ஓவியர் டேவிட் ஹொக்னி 2009 இற் கைத்தொலைபேசியில் விரலால் வரையத் தொடங்கியபொழுது எழுபதைக் கடந்திருந்தார்.

நம்மை வழிதவறச் செய்தது வேறொன்று. இட்ட கோட்டை ஒரு தட்டில் மறையச் செய்யும் வசதி! ஒரே மூக்கை நாற்பது தடவை அழித்தழித்து வரைந்தோம்; முகம் முடியவேயில்லை. பின்னர், அவ்வசதியைத் தொடுவதில்லையென உறுதிபூண்டு, பாட்டியாரை எதிரே இருத்தி ஒரு மணி நேரத்தில் வரைந்து முடித்தோம். மூக்குக் கோணல்தான். பாட்டியார் கண்ணாடியை அணிந்து நெடுநேரம் நோக்கினார். "அப்பிடியே என்ரை அம்மாவின்ரை முகம்" என்றார்.