திமிங்கிலத்தின் கழிவும் குடற்புழு ஆராய்ச்சியும்

சம்பூர்க் கரையின்முன் விரிந்து கிடக்கும் கொட்டியாரக் குடா ஏனைய குடாக்களைப் போன்றதன்று. மகாவலி கங்கை வந்து கலக்கும் இப்பகுதியிலிருந்து கடலடிப் பள்ளத்தாக்கொன்று தொடங்கி, கரைக்கு அண்மையிலேயே பேராழத்தை அடைகின்றது. ஆழ்கடலுயிர்களாகிய நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் திருகோணமலைத் துறைமுகத்துக்கு இத்துணை அருகில் உலாவுதற்கு இதுவே முதற்காரணம் எனலாம். 1982 முதல் 1984 வரை ‘துலிப்’ என்னும் பாய்க்கலத்தில் வந்து இக்கடலை ஆராய்ந்தோர் அவற்றை இங்கே கண்டு பதிவு செய்தனர்.

இவற்றின் குடலில் வாழும் புழுக்களை அறிவது எங்ஙனம்? முன்னையோர் இறந்த உடலை அறுத்து அறிந்தனர். இலங்கைப் பல்கலைக்கழகத்து ஹிலரி குரூஸ், பெர்னாண்ட் என்பாருடன் இணைந்து, கடற்பசுவில் வாழும் தட்டைப்புழுக்கள் இரண்டினை 1954இல் விவரித்தார். ‘லங்காட்ரெமா மன்னாரென்ஸ்’, ‘தப்ரோபனெல்லா பைகோடேற்றா’ என்பன அவற்றின் பெயர்கள். நாட்டின் பழம்பெயர்கள் இரண்டும் கடற்பசுவின் வயிற்றுப் புழுக்களுக்குச் சூட்டப்பெற்றமை சுவையான செய்தியே.

இன்றோ கடற்பசுவும் திமிங்கிலமும் சட்டத்தாற் காக்கப்படுவன. கரையொதுங்கும் உடலும் வெப்பத்தில் விரைந்து அழுகிவிடும். மேலும், நோயுற்று இறந்த ஒன்றின் குடல் நலமாக வாழும் கூட்டத்தின் நிலையைக் காட்டும் என்று கொள்ளவும் இயலாது. எனவே உயிருள்ள விலங்கு தானே விட்டுச்செல்லும் கழிவு ஆராய்ச்சிப் பொருளாயிற்று. இறால் போன்ற சிற்றுயிர்களை உண்ணும் நீலத் திமிங்கிலத்தின் கழிவு செந்நிறமாய் மிதக்கும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் கழிவு கபில நிறமுடையது. சிலபோது கணவாயின் அலகுகளும் அதிற் காணப்படும். (சித்த மருத்துவர் மீனம்பர் என வழங்கும் விலையுயர்ந்த பொருளும் இவ்விலங்கின் குடலில் உண்டாவதே.)

நுண்கண் வலையால் அள்ளிய கழிவை இரு பங்காக்குவர். போமலினில் இட்ட பங்கு நுணுக்குக்காட்டிக்கு உரியது. முட்டையின் வடிவு, ஓட்டின் தடிப்பு, மூடி உண்டோ இல்லையோ என்பவற்றால் நாடாப்புழுவோ வட்டப்புழுவோ எனத் துணிவர். மதுசாரத்தில் இட்ட பங்கு டீ.என்.ஏ. ஆய்வுக்கு உரியது. ஆஷா டி வொஸ் முதலானோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இம்முறையினது. வட இந்து சமுத்திரத்து நீலத் திமிங்கிலங்கள் சேர்ஜெஸ்ரிட் என்னும் இறாலினத்தைப் பெரிதும் உண்பதையும், அவற்றின் கழிவில் முட்தலைப் புழுக்களின் தடயம் உள்ளதையும் அது காட்டிற்று.

உணவும் புழுவும் ஒரே கழிவில் வெளிப்படுதல் தற்செயலன்று. கழிவோடு வெளியேறும் முட்டையிலிருந்து தோன்றும் குடம்பி சிற்றிறால்களிற் புகுந்து, மீனிலும் கணவாயிலும் தங்கி, அவற்றை உண்ணும் திமிங்கிலத்தில் முதிர்ச்சி பெறுகின்றது; அனிசாக்கிசு என்னும் வட்டப்புழுவின் வரலாறு இது. பச்சை மீனுண்போரின் வயிற்றை வருத்துவதும் இக்குடம்பியே. மீனைக் கொதிக்கக் காய்ச்சி உண்ணும் நம்மவர்க்கு அவ்வச்சம் பெரிதில்லை.

எனினும் கழிவின் சான்றினை அளவறிந்தே கொள்ளுதல் வேண்டும். முட்டைகளின் தொகை கொண்டு புழுக்களின் தொகையைக் கணித்தல் பிழை. கடல்நீர் கழிவைக் கரைத்துவிடுகின்றது. முட்டை காணப்படாமையும் புழு இல்லை என்பதற்குச் சான்றாகாது. இரையில் வாழ்ந்த புழுவின் டீ.என்.ஏ. திமிங்கிலத்தின் குடல்வழியே வெறுமனே கடந்து வந்திருத்தலும் கூடும். ஆதலின் ஒரு மாதிரி போதாது. விலங்கைத் துரத்தாமல், அது மூழ்கிய பின்னரே படகு அவ்விடத்தை அணுகல் வேண்டும். கழிவு கலையுமுன் கிடைக்கும் பொழுதோ சில நிமிடங்களே.