கரண்ட் போனாலும் நிற்காத வேலை!

ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் பெரிய மர டிரம்கள் உண்டு. தோலையும் மருந்தையும் போட்டு, சுவிட்சைத் தட்டினால் டிரம் சுழலும். தொழிலாளி சாப்பிட்டுவிட்டு வரலாம். டிரம் நிற்காது.

கம்ப்யூட்டர் வேலை அப்படி அல்ல!

ராணிப்பேட்டையில் உட்கார்ந்து, வெளிநாட்டில் உள்ள 'லினக்ஸ்' கம்ப்யூட்டருக்குக் கட்டளை அடிக்கிறீர்கள். 6 மணி நேர வேலை. 5-வது மணியில் இங்கே கரண்ட் போய், தொடர்பு அறுந்துவிடுகிறது. அங்குள்ள கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் வேலை பெரும்பாலும் செத்துவிடும். ஏன்?

அந்தக் காலத்தில் டெலிபோன் கம்பி வழியாகவும் இப்படி வேலை செய்தார்கள். "போனை வைத்துவிட்டார்" என்று சைகை வந்தால், நடக்கும் வேலை நின்றுவிடும். போன் போய்விட்டது, சைகை போகவில்லை!

பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலிவர் லவ்மன், கார்ஸ்டன் போர்மன் இருவரும் 1987-ல் 'ஸ்கிரீன்' என்பதைச் செய்தார்கள்; பிறகு அதுவே இதற்கு மருந்தானது. 2007-ல் நிக்கலஸ் மேரியட் 'டீமக்ஸ்' செய்தார். இரண்டும் இலவசம்.

இவை தூரத்துக் கம்ப்யூட்டரிலேயே காவல்காரன் போல உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் போனை வைத்தாலும் காவல்காரன் வைக்க மாட்டான்.

டீமக்ஸில் 'கண்ட்ரோல்', 'பி' இரண்டையும் சேர்த்துத் தட்டி, பிறகு 'டி'யைத் தட்டுங்கள். வெளியே வந்துவிடலாம். மறுநாள் 'டீமக்ஸ் அட்டாச்' என்று அடித்தால், விட்ட இடம் அப்படியே திரையில் நிற்கும்! கரண்ட் போய் அறுந்தாலும் இதே வழிதான்.

வேலையைத் தொடங்குமுன்பே டீமக்ஸைத் திறந்திருக்க வேண்டும். அதுவும் அங்கே; உங்கள் மேஜையில் உள்ளதில் திறந்தால் பயன் இல்லை. தூரத்துக் கம்ப்யூட்டரே அணைந்துவிட்டால் காவல்காரனும் கையை விரித்துவிடுவான்.