அப்பாவின் அட்டையை நம்பி

பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பு முடிந்ததும் நண்பர்கள் நால்வர் ஜப்பான் போனோம். பயணக் காப்புறுதி வாங்கலாமா என்று தோழி கேட்டபோது, “எங்கப்பா கடன்பற்று அட்டையில இலவசமாவே இருக்கு” என்றேன் பெருமையாக. மிச்சமாகும் பணத்தில் ராமென் சாப்பிடலாம் என்பது என் கணக்கு.

கியோத்தோவின் ஃபுஷிமி இனாரி ஆலயப் படிகளில், வரிசையாக நிற்கும் செந்நிற வாயில்களைப் படமெடுத்தபடியே இறங்கினேன். மழை ஈரம். வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மருந்து எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 60,000 யென். சுற்றுப்பயணிகளுக்கு அந்நாட்டு மருத்துவக் காப்புறுதி கிடையாது என்பதால் முழுத் தொகையையும் கட்ட வேண்டியிருந்தது. கட்டியவள் தோழி.

வீடு திரும்பிய பிறகுதான் அப்பாவும் நானும் அட்டையின் காப்புறுதி விதிமுறைகளைப் படித்தோம். பயணச்சீட்டின் முழுக் கட்டணத்தையும் அந்த அட்டையில் செலுத்தியிருக்க வேண்டுமாம். நானோ என் சேமிப்பில் வாங்கியிருந்தேன். சரி, அட்டையில் வாங்கியிருந்தால்? அப்போதும் ஒன்றுமில்லை. பயண விபத்தில் மரணம், நிரந்தர உடற்குறை, பெட்டி வந்துசேரத் தாமதம் ஆகியவற்றுக்கு மட்டுமே இழப்பீடு. மருத்துவச் செலவு பட்டியலிலேயே இல்லை. நம் மெடிஷீல்டு லைஃபும் வெளிநாட்டுச் சிகிச்சைக்கு உதவாது.

“செத்தாத்தான் காசு போல” என்று அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லா அட்டைகளும் இப்படியல்ல. சிலவற்றில் மருத்துவச் செலவும் உண்டு. சிலவற்றில் புறப்படுமுன் பதிந்துகொள்ள வேண்டும். வங்கிக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்திருக்கும்.

தோழிக்குத் தர இன்னும் 200 வெள்ளி பாக்கி. பகுதிநேர வேலைச் சம்பளம் அடுத்த வாரம் வருகிறது.