ஹெட் புதுசு, கீழே என்ன இருக்கிறது?

அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு ஓய்வு கிடையாது. ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய் என்று சிமென்ட் ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்துப் பெரம்பலூரில் கல் குவாரி டிப்பர்கள். ஓடும் தூரம் கொஞ்சம்தான்; ஆனால் இன்ஜினுக்கு இதைவிடக் கஷ்டமான பிழைப்பு இல்லை. குறைந்த வேகம், முழுப் பாரம், ஏர் ஃபில்டரை அடைக்கும் புழுதி. ஒருநாள் ரேடியேட்டர் கொதிக்கிறது, இறக்கிப் பார்த்தால் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு.

ஹெட்டை மட்டும் மாற்றுவதா, ஹாஃப் இன்ஜினையும் சேர்த்தா? பிளாக், கிராங்க், கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாம் பூட்டிய அடிப்பாகம்தான் ஹாஃப் இன்ஜின். நல்ல ஹெட் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைக்கிற லாரி உரிமையாளர்கள் நிறைய. கிணற்றின் பெரிய பாதி கீழேதான் இருக்கிறது.

கூடுதல் பவருக்காக வெளி ஹெட் வாங்கிப் பூட்டுவது அமெரிக்காவில் தனித் தொழிலாகவே நடக்கிறது. அங்கும் இதே சிக்கல்தான். செவ்ரோலெட்டின் 350 கன அங்குல வி-8 இன்ஜினில், 76 சிசி அறை கொண்ட ஹெட்டைக் கழற்றிவிட்டு 64 சிசி ஹெட்டைப் பூட்டினால், தட்டைப் பிஸ்டனோடு கம்ப்ரஷன் சுமார் 8.5-லிருந்து 9.5-க்கு ஏறிவிடும். அதே ஹெட்டை மேடு வைத்த பிஸ்டன்களின் மேல் வைத்தால் சாதாரணப் பெட்ரோலுக்கு இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். 350-இன் போர் 101.6 மி.மீ.; அதன் தம்பி 305-க்கு 94.9 மி.மீ. மட்டுமே. பெரிய வால்வு ஹெட்டைத் தம்பியின் தலையில் வைத்தால் வால்வு சிலிண்டர் சுவரை ஒட்டி நின்று காற்றை மறிக்கும். காசு கொடுத்து வாங்கிய இழுவை அங்கேயே போய்விடும்.

நம்மூர் டீசலில் இந்தக் கணக்கு இன்னும் கறார். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டீசலின் ஹெட், அடியில் தட்டையாக இருக்கும். எரிபொருள் எரியும் குழி பிஸ்டன் தலையில், அதாவது ஹாஃப் இன்ஜினுக்குள் இருக்கிறது. டாடா 697-ஐ எடுத்துக்கொள்வோம். ஆறு சிலிண்டர், 97 மி.மீ. போர், ஸ்ட்ரோக் 128, மொத்தம் 5,675 சிசி. மெர்சிடிஸின் ஓஎம் 352-க்கும் இதே அளவுதான். ஹினோ வழி வந்த லேலண்ட் எச் வரிசையின் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு 104-க்கு 113, கம்மின்ஸ் 5.9-க்கு 102-க்கு 120. இவற்றை யாரும் மாற்றிப் பூட்டப்போவதில்லை. ஏமாற்றுவது ஒரே குடும்பத்துக்குள் இருக்கும் வித்தியாசம். டர்போ இல்லாத ஹாஃப் இன்ஜின் மலிவாகக் கிடைத்தது என்று அதன் மேல் டர்போ ஹெட்டையும் பம்பையும் ஏற்றினால், போல்ட் எல்லாம் பொருந்தும், வண்டியும் ஓடும். ஆனால் பிஸ்டன் குழி வேறு, கம்ப்ரஷன் வேறு. பல டர்போ இன்ஜின்களில் பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் ஜெட் இருக்கும். டர்போ இல்லாத ஹாஃப் இன்ஜினில் அது இருக்காது. பாரத்தோடு மேடு ஏறும்போது பிஸ்டன் உருகும்.

லேத்தில் ஹெட்டை ஃபேஸ் அடிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தட்டை ஹெட்டைச் சீவினால் கம்ப்ரஷன் கூடாது. அதனால் ‘ஒன்றும் ஆகாது’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் 0.3 மி.மீ. சீவினால் இன்ஜெக்டர் மூக்கு அதே 0.3 மி.மீ. கீழே இறங்கும். தெளிப்பு குழியில் தவறான இடத்தில் படும், கரும்புகை தள்ளும். தடித்த செம்பு வாஷர் போட்டு அதைச் சரிசெய்ய வேண்டும். வால்வையும் ஆழமாக உட்கார வைக்க வேண்டும். பிளாக்கைச் சீவியிருந்தாலோ பிஸ்டனே மேலே எட்டிப் பார்க்கும். அதற்குத் தடித்த கேஸ்கெட்.

பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு விஷயம் தெரிந்த மெக்கானிக் கண்மதிப்பை நம்புவதில்லை. பிஸ்டன் தலையில் துளி கிரீஸ் தடவி, பிஸ்டன் பின் போகும் திசையில் இரண்டு பக்கமும் ஈயக் கம்பித் துண்டு வைப்பார். குறுக்கே வைத்தால் பிஸ்டன் ஆடி, அளவு பிசகும். கேஸ்கெட்டோடு ஹெட்டை முழு டார்க்கில் இறுக்கி, கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பக் கழற்றி, நசுங்கிய ஈயத்தை மைக்ரோமீட்டரில் அளப்பார். அரைநாள் வேலை. இதற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கும் உரிமையாளர்தான் பிறகு முழு இன்ஜினுக்கும் பணம் கட்டுகிறார்.

பழைய ஹாஃப் இன்ஜின் வாங்கப் போனால், பளபளக்கும் பெயின்டை நம்பக் கூடாது. கிராங்கை எத்தனை முறை கிரைண்ட் செய்திருக்கிறார்கள், பேரிங் 0.25-ஆ 0.50-ஆ, லைனர் இன்னும் ஸ்டாண்டர்டா என்பதைப் பார்க்க வேண்டும். வண்டியில் ஏற்கெனவே உள்ளதையே வைத்துக்கொள்ளலாமா என்று தெரிய, ஹெட்டைக் கழற்றும் முன்னரே ஆயில் மூடியைத் திறந்து பார்த்திருக்கலாம். ஓடும்போது அங்கே குபுகுபுவென்று புகை வந்தால் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. புது ஹெட் வீண் செலவு.

கடைசியாக, காகிதம். இன்ஜின் நம்பர் பொறித்திருப்பது பிளாக்கில். எனவே ஹாஃப் இன்ஜின் மாறினால் நம்பரும் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். முன் அனுமதி இல்லாமல் மாற்றியிருந்தால் அதற்கு 14 நாள்தான் கெடு. பெரம்பலூரின் டிஎன் 46 ஆனாலும் அரியலூரின் டிஎன் 61 ஆனாலும் பில் இல்லாத ஹாஃப் இன்ஜினுக்கு அங்கே பதில் சொல்வது கஷ்டம்.