மீதி ஒன்பது பேர்

1725ஆம் ஆண்டு இலண்டனில் ஜான் பீவர் என்பவரின் நூலொன்று வெளிவந்தது. பண்டைய உரோமைப் படையின் தண்டனைகளை விவரிப்பது அது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தால் அரித்து அதற்குப் படங்கள் அமைத்தவர் வில்லியம் ஹோகார்த். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற அவ்வோவியர் அன்று இருபதுகளிலிருந்த இளைஞர்.

அப்படையின் தண்டனைகளுள் கொடியது, பத்தில் ஒருவனைக் கொல்வது. களத்தைவிட்டு ஓடிய அணியினரிடையே சீட்டுப் போடப்படும் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியுஸ். சீட்டு விழுந்தவன் தடிகளால் அடித்துக் கொல்லப்படுவான். அடிப்பவர்கள் அவனுடைய தோழர்களே! எஞ்சியோருக்குக் கோதுமைக்குப் பதில் வாற்கோதுமை. பாளையத்தின் அரணுக்கு வெளியே கூடாரம். முதலில் ஓடியவன் யார், இறுதிவரை நின்றவன் யார் எனச் சீட்டு வினவுவதில்லை.

இறந்தவனைவிட, தடி ஏந்திய அந்த ஒன்பது பேரே என் நெஞ்சை உறுத்துகின்றனர்.

செப்டம்பர் 22இல் நாம் நினைவுகூரும் புனித மொரீஸ் இத்தகைய தண்டனைக்கு உள்ளானவர்களின் தலைவர். ஐந்தாம் நூற்றாண்டில் லியோன் நகர ஆயர் யூக்கேரியுஸ் எழுதிவைத்த மரபின்படி, எகிப்திலிருந்து வந்த அவரது படையணி சக கிறிஸ்தவர்களைத் துன்புறுத்த மறுத்தது. இருமுறை பத்தில் ஒருவர் வீதம் வெட்டப்பட்டனர். அப்போதும் மறுத்தமையால் அனைவரும் மாண்டனர். எண்ணிக்கையை ஆய்வாளர் ஐயுறுவர். எனினும் மாசற்றோர்மீது கையோங்க மறுத்தவர்கள் என்றே திருச்சபை அவர்களைப் போற்றுகிறது.

தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குச் செல்லும் உங்களுக்குப் புத்தளம் புதிதன்று. அந்நகரையடுத்த தில்லையடியையும் அறிவீர்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணி நேரம். மன்னார்த் தீவினர் படகேறிக் கற்பிட்டியில் கரையிறங்கினர். ஐயம் சிலர்மீது, தண்டனை எல்லார்மீதும். இங்கே சீட்டுப் போடுதல்கூட இல்லை. புத்தளத்து மக்கள் உணவும் இடமும் தந்தனர்; தில்லையடியில் ஓலைக் கொட்டில்கள் எழுந்தன. 2009இல் போர் முடிந்தபின் சிலர் ஊர் திரும்பினர். பலர் இங்கேயே வேரூன்றிவிட்டனர்.

வடக்கில் அவர்களுக்கு அயலவராக இருந்தவர்கள் நம் மக்களும்தாம். துப்பாக்கிக்கு அஞ்சி வாய்மூடி நின்றோரைக் குறைகூற எனக்குத் துணிவில்லை. ஆனால் அந்நாளை நினைவில் வைத்திருக்கும் மூத்தோர் உங்கள் இல்லத்தில் இருக்கக்கூடும். அயல்வீட்டார் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படலையைத் தாண்டியபோது அவர்கள் எங்கே நின்றுகொண்டிருந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா?