ஓய்வுநாளும் ஒளித்திரையும்

வெள்ளிக்கிழமை ஞாயிறு மறையுமுன் யூத இல்லத்திலே தாயார் விளக்கேற்றி, கைகளாற் கண்களை மறைத்து ஆசிமொழி கூறுவார். அவ்வேளை தொடங்கி மறுநாள் இரவு விண்மீன்கள் தோன்றும்வரை ஓய்வுநாள். அன்று நெருப்பு மூட்டலாகாது என்பது வேதவிதி. மின்சார ஆளியைத் தட்டுதலும் அதுபோன்ற விலக்கே என வைதிக யூதர் கொள்வர். ஆதலால் அன்னார் இல்லங்களில் தொலைக்காட்சிப் பெட்டி அன்று வாய் திறவாது.

விந்தை யாதெனில், அதே வெள்ளி மாலையிலேதான் நியூ யோர்க் நகரின் மத்திய செபாலயத்து ஆராதனையை ஜே.பி.எஸ். என்னும் யூதத் தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்பி வந்திருக்கின்றது. யாருக்காக இவ்வொளிபரப்பு?

இந்நிலையத்தை நிறுவியவர் மார்க் கோலப் என்னும் ரபி, அதாவது யூத சமய குரு. 2006 இல் ‘ஷாலோம்’ தொலைக்காட்சி என்னும் பெயருடன் கேபிள் வழியாக அமெரிக்க இல்லங்களுட் புகுந்த அது, 2014 இல் இப்போதைய பெயரைப் பூண்டது. கோலப் 2023 இல் காலமானார். அதற்கு முன்னரும் யூத சமய நிகழ்ச்சிகள் இல்லாமலில்லை. 1944 இல் என்.பி.சி. வானொலியில் ‘நித்திய ஒளி’ தொடங்கிற்று. ஆயினும் அது பெருநிலையமொன்று மனமுவந்து ஈந்த வாராந்த அரைமணி. கேபிளில் அலைவரிசைகள் பெருகிய பின்னரே சிறு சமூகமொன்று தனக்கெனத் தனிநிலையம் வைத்தல் கைகூடிற்று. எபிரேய நெடுங்கணக்கை முதலெழுத்திலிருந்து கற்பிக்கும் பாடங்களும் அதில் உண்டு. ஆசிரியத் தொழிலினரான எமக்கு, அரசியல் விவாதங்களினும் அப்பாடங்களே பெரியனவாகத் தோன்றுகின்றன.

மத்திய செபாலயம் சீர்திருத்த மரபினது. மேற்கூறிய மின்விலக்கை அம்மரபு கட்டாயமாக்குவதில்லை. அன்றியும், படுக்கையிற் கிடக்கும் முதியோரும், அருகிற் செபாலயமின்றித் தனித்து வாழ்வோரும் வேறெங்கே செல்வர்?

ஆயினும் ஒரு முடிச்சு அவிழவில்லை. இறந்த பெற்றோரை நினைந்து பிள்ளைகள் ஓதும் ‘கடிஷ்’ என்னும் மன்றாட்டைப் பதின்மர் கூடிய சபையிலேயே ஓதுதல் வேண்டும். 2001 இல் ‘கன்சர்வேட்டிவ்’ பிரிவின் சட்டக்குழு இதனை ஆராய்ந்தது. பதின்மரும் ஓரிடத்தே கூடுதல் வேண்டும். கூடிய பின்னர்த் தொலைவிலிருப்பவர் கருவி வழியாகக் கேட்டு மறுமொழி கூறலாம் என அது தீர்ப்பளித்தது. பெட்டியின் முன் இருக்கும் மூதாட்டி சபையைக் காண்பார், கேட்பார், ‘ஆமேன்’ என்பார். பதின்மருள் ஒருவராக எண்ணப்படார்.

2020 இல் கொள்ளைநோய் செபாலயக் கதவுகளை அடைத்தபோது, அக்குழுவின் தலைவர்கள் நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் அவ்விதியைத் தளர்த்த இடமளித்தனர். இணையத் திரையிற் கூடினும் பதின்மராகலாம். ஆனால் அவர்கள் ஒருவரையொருவர் காணவும் கேட்கவும் இயலல் வேண்டும். தொலைக்காட்சியோ ஒருவழிப் பாதை. அதன்முன் அமர்ந்திருந்த மூதாட்டி அப்போதும் கணக்கிற் சேரவில்லை.