தகவமை வேகக்கட்டுப்பாடும் ஓட்டுநர் விழிப்பும்: கரிசல் நெடுஞ்சாலையை முன்வைத்து

‘அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல்’ எனப்படும் தகவமை வேகக்கட்டுப்பாடு, முன்செல்லும் வாகனத்தின் தொலைவை ரேடாரால் அளந்து வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கிறது. ஓட்டுநரின் கால் ஓய்வு பெறுகிறது. அவரது பணியோ இயக்குதலிலிருந்து கண்காணித்தலாக மாறுகிறது. நீண்ட கண்காணிப்பில் அரைமணி நேரத்திற்குள்ளேயே விழிப்பு தளர்வதை மேக்வொர்த் 1948இல் காட்டினார். தானியக்கம் அரிய, கடினமான தருணங்களையே மனிதரிடம் விட்டுவைக்கிறது என்று பெயின்பிரிட்ஜ் 1983இல் விளக்கினார்.

கோவில்பட்டி வழியே கரிசல் நிலத்தை ஊடறுக்கும் தேசிய நெடுஞ்சாலை 44இன் நேரான நான்குவழிப் பகுதிகள் கருவிக்கு எளியவை. ஓட்டுநரை அயரச் செய்பவையும் அவையே. ஆனால் குறுக்கிடும் ஆடுகளையும் நின்றிருக்கும் லாரியையும் கருவி உணரத் தவறக்கூடும். தயாரிப்பாளர் கையேடுகளே இத்தகைய வரம்புகளைக் குறித்து எச்சரிக்கின்றன. ஆகவே, இக்கருவி கவனத்தைக் குறைக்கிறது என்பதைவிட, கவனம் தேவைப்படும் தருணத்தை மறைத்துவிடுகிறது என்பதே பொருந்தும்.